ஒரு சாண் இடைவெளி

நினைவு மண்டபத்தின் வடக்குச் சுவர் ஆண்டுக்கு ஒரு விரற்கடை தெற்கே நகர்ந்து வந்தது. எப்போதும் ஒரே தேதி, பிற்பகல் மூன்று மணி. மாவு அரைபடுவதுபோல் ஒரு சத்தம் கேட்கும், கால் நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். முதல் ஆண்டு அது செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வந்தது. மறு ஆண்டு ஏழாம் பக்கத்துக்குப் போயிற்று. மூன்றாம் ஆண்டிலிருந்து, பேருந்துக் கட்டணம் ஏறுவதைப் போல அதுவும் நடக்கும் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் சாந்தை நம்பவில்லை. கருங்கல்மேல் கருங்கல், எடைமேல் எடை, அவ்வளவுதான். போரில் இறந்தவர்களுக்கான மண்டபம் நடுவில். அதைச் சுற்றி நான்கு ஓவியக் கூடங்கள். படம் பார்க்க வருகிறவர் எந்தக் கூடத்துக்குப் போனாலும் இறந்தவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். மண்டபத்தின் கூரை நான்கு தூண்கள்மேல் நின்றதால் அதற்கு ஆபத்தில்லை. ஆபத்து வடக்குக் கூடத்துக்கு. அதன் கூரைப் பலகைகள், ஒவ்வொன்றும் பன்னிரண்டடி நீளக் கல், ஒரு முனையை வெளிச்சுவரிலும் மறுமுனையை இந்தப் பெயர்ச் சுவரிலும் வைத்துக்கொண்டிருந்தன. பெயர்ச் சுவரில் அவை உட்கார்ந்த இடம் மொத்தம் ஒன்பது விரற்கடை. எட்டு ஆண்டில் எட்டு போயிற்று.

மண்டபத்தின் காவலாளியை எல்லோரும் சாவியக்கா என்றார்கள். முப்பது வருட வேலை. சுவரில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், ஏழாம் வரிசையில் ஐந்தெழுத்து அகலத்துக்கு வழவழவென்று ஒரு வெற்றிடம். அந்த இடம் அவளுடைய தம்பிக்கு உரியது. அவன் போனதற்குக் காகிதம் வந்தது, உடம்பு வரவில்லை. அன்று உளியை ஓங்கிய கல்தச்சரின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். "அவன் வீடு வந்து சேரட்டும், அப்புறம் வெட்டுப்பா" என்றாள். தச்சர் இடம் விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். சிறு வயதில் அக்காவும் தம்பியும் முதுகோடு முதுகு சாய்ந்துதான் பாடம் படிப்பார்கள். ஒருவர் சொல்லாமல் எழுந்தால் மற்றவர் மல்லாக்க விழுவார். அதில் அவர்களுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

யாரும் சுவரைத் தொடக் கூடாது, காவலாளியின் முக்காலிகூட ஒரு சாண் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்பது மண்டபத்தின் விதி. சாவியக்காவுக்கு விதி என்றால் விதி. காலையில் கதவைத் திறந்ததும் வெற்றிடத்துக்கு முன்னால் கையை விரித்து அளந்து பார்த்துவிட்டுத்தான் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். சுவர் ஒரு விரற்கடை வந்தால் அவளும் முக்காலியை ஒரு விரற்கடை முன்னே தள்ளிப் போடுவாள். ஒரே ஒருவருக்கு மட்டும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தம்பி ரயில் ஏறிய தேதியில் அம்மா வருடம் தவறாமல் வந்து அந்த வெற்றிடத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்பாள். மகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா இறந்த வருடம், அதே தேதியில், சுவர் முதல்முறையாக நகர்ந்தது.

ஒரு பெயர் குறைவதால்தான் சுவர் நிலைகொள்ளவில்லை என்றார் நிர்வாகக் குழுத் தலைவர். சுவரைப் பிரித்துக் கற்களுக்கு எண் போட்டுக் குடோனில் அடுக்க வேண்டும் என்றார் இன்ஜினியர். கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒரு காகிதம் வந்தது. ஒன்பதாம் ஆண்டின் அந்தத் தேதிக்குள் அக்கா கையெழுத்துப் போட்டால் பெயரை வெட்டுவார்கள், இல்லாவிட்டால் சுவரைப் பிரிப்பார்கள். இரண்டு மாதம் அவள் அதைத் தொடவில்லை.

"நான் கையெழுத்து போட்டா, அவன் செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

"போடலேன்னா மத்த முந்நூத்திப் பன்னெண்டு பேரும் குடோனுக்குப் போவாங்களேம்மா," என்றார் தலைவர். அவளுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

அந்தத் தேதி வந்தது. வடக்குக் கூடத்துப் படங்களை இறக்கிவிட்டார்கள், வாசலில் கயிறு கட்டிவிட்டார்கள். உள்ளே அவளும், அன்று இடம் விட்ட அதே கல்தச்சரும்தான். கடைசி நேரத்தில் அவள் மனசு மாறினால் உடனே வெட்ட வேண்டுமே என்று உளியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மணி இரண்டே முக்கால். சுவருக்குப் பின்னால் கூரையிலிருந்து கல்தூள் உதிரும் சத்தம் கேட்டது. வெளியே வரச் சொல்லி இன்ஜினியர் கத்தினார். அவள் நகரவில்லை. தச்சர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தத் தடத்தைப் பாத்தீங்களா? முக்காலிக் காலு பதிஞ்ச குழி. ஒண்ணு, ரெண்டுன்னு எட்டு வரிசை பின்னால இருக்கு."

"சாண் குறையக் கூடாதுல்ல."

"அது உங்களைத் தேடி வருது. நீங்க ஒவ்வொரு தடவையும் தள்ளித் தள்ளிப் போறீங்க."

அவள் எட்டு வரிசையையும் குனிந்து பார்த்தாள். எட்டு வருடமாக வாசலில் வந்து நின்றவனுக்கு எட்டு முறையும் அவளே கதவைச் சாத்தியிருக்கிறாள். மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது முக்காலியைப் பின்னால் இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். விதிப் பலகை எதிரில் தொங்கியது. உட்கார்ந்து, வெற்றிடத்தில் முதுகைச் சாய்த்தாள்.

அரைபடும் சத்தம் தொடங்கியது, உடனே நின்றது. கல்தூள் உதிர்வதும் நின்றது. அவள் முதுகில் ஒரு பாரம் மெதுவாகச் சாய்ந்தது. கல்லின் பாரம் இல்லை, பத்தொன்பது வயதுப் பையனின் பாரம். எழுந்தால் விழுந்துவிடுவான் என்று பயந்து, கண்ணீரைக்கூடத் துடைக்காமல் மாலை வரை அப்படியே இருந்தாள். பிறகு கையை நீட்டிக் காகிதத்தைக் கேட்டாள்.

"வந்துட்டான். வெட்டுங்க."

தச்சர் மறுநாள் ஐந்து எழுத்தையும் வெட்டி முடித்தார். சுவர் அதன் பிறகு நகரவில்லை. கூரைப் பலகைகள் மிச்சமிருந்த ஒரு விரற்கடையில் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கின்றன, கீழே படங்களும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. விதிப் பலகையில் 'காவலாளி நீங்கலாக' என்று இரண்டு சொல் சேர்த்தார்கள். அந்தத் தேதியில் மட்டும் சாவியக்கா மூன்று மணியிலிருந்து மூடும்வரை முக்காலியைவிட்டு எழுவதில்லை. யாராவது வந்து சாவி கேட்டால் இருந்த இடத்திலிருந்தே தூக்கிப் போடுவாள்.