டொலறஸின் வளையக் கவுண்

லண்டனில் நடக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் கல்யாணங்களில் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு கிழமை பேசுவார்கள். மணப்பெண்ணின் கவுணைப் பற்றி ஒரு வருடம் பேசுவார்கள். இதை நன்றாக அறிந்தவள் ஹரோவில் இருந்த றெஜினா. 1989இல் அண்ணன் மகள் டொலறஸுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், யாரும் கேட்காமலே கவுண் தைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் கவுணுக்குள் மூன்று கம்பி வளையங்கள் இருந்தனவாம்.

"எங்கட பிள்ளைக்கு அஞ்சு," என்றாள் றெஜினா.

"மாமி, நான் நடக்கோணும், இருக்கோணும்," என்றாள் டொலறஸ்.

"இருக்கிறதுக்கு வாழ்நாள் முழுக்கக் கிடக்கு. ஒரு நாள் நில்லன்."

உள்துணியில் நாடாக்களைத் தைத்து, அவற்றுக்குள் உருக்குக் கம்பிகளை ஓட்டி, ஒன்றைவிட ஒன்று பெரிதாக ஐந்து வளையங்கள் ஏற்றினாள். பாவாடை ஒரு சிறிய கூடாரம் போல விரிந்தது. தேவாலயத்தின் வாசலை அளந்து பார்ப்பது போன்ற அற்ப வேலைகளுக்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

டொலறஸின் தந்தை செபமாலைமுத்துவுக்குக் கவுணைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லை. மனைவி இறந்தபின், பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்து மகளைத் தனியாக வளர்த்தவர். மகளின் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிப்போக வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். அதற்காக வீட்டு ஹோலில் கதிரைகளை ஒதுக்கிவிட்டு அவளுடன் நடந்தும் பார்த்திருந்தார்.

கல்யாண நாளில், பூக்கட்டி நின்ற காருக்குள் கவுண் ஏறவில்லை. வால்தம்ஸ்டோவிலிருந்து ஒரு பலசரக்குக் கடை வானைப் பிடித்தார்கள். மணப்பெண் பின்னால் நின்றுகொண்டு வந்தாள். வெங்காய மூட்டை வசதியாக உட்கார்ந்து வந்தது.

தேவாலய வாசலில் டொலறஸ் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தாள். வளையங்கள் ஒரு பக்கம் நசிய, மறுபக்கம் பாவாடை உயர்ந்தது. பின்வரிசையில் இருந்த உறவினர்கள் மிகுந்த பக்தியுடன் பார்த்தார்கள். அதன் பிறகுதான் புரிந்தது, ஆட்கள் உட்காரும் வாங்குகளுக்கு நடுவே இருந்த பாதையைக் கவுணே நிறைத்துவிடும். தந்தைக்கு இடமில்லை.

"அண்ணை, நீங்கள் பின்னால வாங்கோ," என்றாள் றெஜினா. "வீடியோவிலயும் கவுண் வடிவா விழும்."

செபமாலைமுத்து கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு மகளுக்குப் பின்னால் போய் நின்றார். டொலறஸ் திரும்பிப் பார்த்தாள். அவர் சிரிக்க முயன்றதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"மாமி, உங்கட பையுக்குள்ள கத்தரிக்கோல் இருக்கெல்லோ? தாங்கோ."

ஏதோ நூல் தொங்குகிறது என்று நினைத்து றெஜினா ஆவலோடு கொடுத்தாள். டொலறஸ் அதைத் தந்தையிடம் நீட்டினாள்.

"அப்பா, எனக்குக் குனிய ஏலாது. கம்பியெல்லாத்தையும் வெட்டி எடுங்கோ."

"பிள்ளை, மாமி கஷ்டப்பட்டு..."

"வெட்டுங்கோ அப்பா."

அவர் முழங்காலில் நின்று நாடாவை வெட்டினார். ஒவ்வொரு வளையமாக உருவினார். ஐந்தாவது, விடுதலை கிடைத்த வேகத்தில் துள்ளிப்போய் வீடியோக்காரர் கிறிஸ்துராஜாவின் விளக்கைத் தடாலென்று சாய்த்தது. அந்தச் சத்தத்தைச் சமிக்ஞை என்று நினைத்து, ஓர்கன் வாசிப்பவர் உற்சாகமாகத் தொடங்கிவிட்டார்.

கவுண் பொத்தென்று அமர்ந்து தரையெல்லாம் பரவியது. செபமாலைமுத்து மிச்சத் துணியை ஒரு கையில் வாரி அணைத்தார். மறுகையை மகளுக்குக் கொடுத்தார். இருவரும் தோளோடு தோள் உரச நடந்தார்கள். பாதி வழியில் அவர் கண் கலங்கியது. துடைப்பதற்குக் கை இல்லாததால் மகளே துடைத்துவிட்டாள்.

"கவுணுக்கு என்ன நடந்தது?" என்று மாப்பிள்ளை பெனடிக்ற் மெதுவாகக் கேட்டான்.

"மூச்சு விட்டிட்டுது," என்றாள் டொலறஸ்.

விருந்தில் றெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டு, கேக்கைக்கூடத் தொடாமல் இருந்தாள். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த பாமா என்பவள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"இப்பிடித் தொய்ய விடுறதுதானோ அக்கா இப்ப ஸ்டைல்?"

றெஜினா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஓம். ஆனால் எல்லாருக்கும் தைக்க வராது," என்றபடி கேக் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.