வெக்கையில் செத்த ஆறு எலிகள்

பெரம்பலூருக்கு வெளியே இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைப்பதும் கூண்டு கழுவுவதும் என் வேலை. எலி செத்தால், கட்டி இருந்ததா இல்லையா என்று கூண்டு அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் நான்தான். எட்டாவது படித்த உண்ணாமலையின் கையெழுத்துக்கு வேறெங்கே மரியாதை?

அவை சாதாரண எலிகள் இல்லை. கட்டி வராமல் உடம்பைக் காக்கிற ஜீன் ஒன்றை அவற்றிடமிருந்து எடுத்துவிட்டார்கள். "காவக்காரன் இல்லாத சோளக்காடு மாதிரிக்கா" என்று ஆராய்ச்சி மாணவி சுகன்யா மேரி சொன்னாள். வரதராஜன்பேட்டைப் பெண், நமக்குப் புரிகிற மாதிரிப் பேசுவாள்.

எங்கள் அம்மா மார்புக் கட்டியில் போனாள். தங்கை பூமாலைக்கும் இப்போது அதேதான்.

"எங்க வூட்டுலயும் காவக்காரன் இல்லையா பாப்பா?"

"இருக்கலாம்க்கா. அதத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும்."

அன்றிலிருந்து அந்த எலிகள் எனக்குச் சொந்தக்காரர்கள்.

2005 மே மாதம், ஒரு ஞாயிறு மதியம் கரண்ட் போய் ஏசி நின்றது. ஜெனரேட்டரைப் போட ஆளில்லை. திங்கள் காலையில், இருபத்துநாலு எலிகளில் மேற்குச் சுவரோரம் இருந்த ஆறு செத்துக் கிடந்தன. ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன். சுகன்யா அறுத்தும் பார்த்தாள். ஒன்றில்கூடக் கட்டி இல்லை.

ஜெனரேட்டர் விஷயம் வெளியே தெரிந்தால் கூடத்தை நடத்தும் பேராசிரியருக்குத்தான் கெட்ட பெயர். அவர் என்னிடம் சொன்னார்: "கட்டியில செத்துச்சுன்னு எழுதிடும்மா. எப்படியும் ரெண்டு மாசத்துல கட்டி வந்து செத்திருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூமாலையையும் ஊரில் இப்படித்தான் பேசுகிறார்கள், அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போதே.

"சாவப்போறது வேற சார், செத்தது வேற. எழுத மாட்டேன்."

"அப்ப நாளையிலேருந்து வேலைக்கு வராத."

பூமாலையைத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதே இந்தச் சம்பளத்தில்தான்.  இருந்தும் ஆறு அட்டையிலும் எழுதினேன்: வெக்கையில் செத்தது. கட்டி இல்லை. உண்ணாமலை.

அவர் அட்டைகளைப் பிடுங்கிச் சுகன்யாவிடம் நீட்டினார். "இதக் கிழிச்சுட்டு வேற எழுது."

அவள் பட்டம் அவர் கையில் இருந்தது. அவள் என்னிடம் பேனாவை வாங்கி, ஆறிலும் என் பெயருக்குக் கீழே தன் பெயரைப் போட்டாள். அவர் வெளியே போனார்.

மறுநாள் ஆறு மணிக்கே வேலைக்குப் போனேன். வாட்ச்மேன் செல்லமுத்து கேட்டை மறித்தார். "ஒன்ன உள்ள விடக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரும்மா."

"அவரு வந்து தண்ணி வைப்பாரான்னு போன் போட்டுக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன்.

மீதிப் பதினெட்டும் உயிரோடு இருந்தன.