மைலேஜ் கூட்ட எட்டாவது வழி

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு லாரி நிறுவனத்துக்காக, ‘கனரக வண்டியில் மைலேஜ் கூட்ட எட்டு வழிகள்’ என்று துண்டறிக்கை எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். டயரில் காற்றுக் குறையக் கூடாது. நிற்கும்போது இன்ஜின் ஓடக் கூடாது. இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டக் கூடாது. பிரேக் தாங்காது, டீசலும் மிஞ்சாது. கியரில் வைத்துக் காலை எடுத்தாலே இந்தக் கால வண்டி டீசலை நிறுத்திக்கொள்ளும். இப்படி ஏழு வழிகள் வந்துவிட்டன. எட்டாவதுக்காக உட்கார்ந்திருந்தபோது ஓர் ஓட்டுநர் வந்தார்.

2

முதல் தொடக்கம்: ‘மழை விட்டிருந்த சாலையில் அந்த ட்ரெய்லர், ஒரு பெரிய மிருகத்தைப் போல—’

வேண்டாம். லாரி லாரியைப் போலத்தான் இருக்கும்.

இரண்டாவது: ‘மனைவி இறந்த பிறகு ஓட்டுநரின் மைலேஜ் கூடியது.’

[இதை அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன்.]

3

முன்பெல்லாம் சரக்கை இறக்கியதும் அவருக்குக் கால் தரையில் நிற்காது. காலி ட்ரெய்லர் தடதடக்க வீட்டைப் பார்த்துப் பறப்பார். வழியில் மனைவியின் போன் வரும்.

“எங்க வர்றீங்க?”

“பாலம் தாண்டிட்டேன். நீ சாப்பிட்டுப் படு.”

“ஆமா, படுத்துக்கிட்டுதான் பேசுறேன்.”

இரண்டும் பொய். பாலம் இன்னும் வந்திருக்காது. வீட்டில் இரண்டு தட்டுகளும் கழுவிக் கவிழ்த்தபடியே இருக்கும்.

இப்போது வேகம் ஐம்பத்தைந்தைத் தாண்டுவதில்லை. தொலைவில் சிக்னல் சிவந்தாலே காலை எடுத்துவிடுகிறார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுகிறார். டாங்கில் டீசல் மிஞ்சுகிறது.

(இவர்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. மனிதர் அழவே மாட்டேன் என்கிறார். அழவைக்கத் தனியாக ஒரு பத்தி எழுதினேன். வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.)

4

பணிமனையில் கூட்டம். மேலாளர் எழுந்தார்.

“உங்க எல்லாரையும்விட இவருக்கு லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூட வருது. எப்படின்னு அவரே சொல்வார். இனிமே அதான் எல்லாருக்கும் அளவு. அதை எட்டாதவங்களுக்கு வண்டி கிடையாது.”

பக்கத்தில் இருந்த ஒல்லி இளைஞன், நம் ஓட்டுநரின் முழங்கையை இடித்தான். அவன் வீட்டில் கைக்குழந்தை.

“அண்ணே, புண்ணியமாப் போகும். ஏதாவது சொல்லித் தப்பிக்க விடுங்க. உங்க வேகத்துல போனா, எம் பொண்ணு என்னைப் பாத்து யாருன்னு கேக்கும்.”

“அதுக்குத்தான் இன்னும் பேச்சே வரலையே.”

“நான் போய்ச் சேர்றதுக்குள்ள வந்துடும்ணே.”

5

அவருக்காக ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன்: “வீட்டுல யாரும் காத்திருக்கலன்னா மைலேஜ் தானா வரும் சார்.”

அதுதான் எட்டாவது வழி. அவர் அதைச் சொல்லவில்லை. எழுந்து நின்றார். ஒல்லியை ஒருமுறை பார்த்தார்.

“இறக்கத்துல நியூட்ரல்ல விட்டேன் சார்.”

அங்கே அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. அந்த மைலேஜ் செல்லாது. வண்டியும் போய்விடும்.

“நீங்களா?”

“நான்தான் சார்.”

“எல்லா இறக்கத்துலயுமா?”

“ஒண்ணு விடல.”*

* நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிஞ்சாது என்று மேலே எழுதியிருக்கிறேன். மேலாளருக்கும் அது தெரியும்.

6

முடிவு ஒன்று: மேலாளர் நம்பியது போலக் குற்றத்தைப் பதிந்துகொள்கிறார். ஒல்லி வழக்கம்போல வீட்டைப் பார்த்துப் பறக்கிறான். ஓட்டுநர் வண்டி இல்லாமல் அந்த வீட்டுக்குள்—

முடிவு இரண்டு: “பொய் சொல்லாதீங்க” என்கிறார் மேலாளர். அந்த மைலேஜே அளவாகிறது. எல்லோரும் ஐம்பத்தைந்தில் போகிறார்கள். எல்லார் வீட்டிலும் சோறு ஆறுகிறது.

முடிவு மூன்று: போன் வருகிறது. “எங்க வர்றீங்க?” அவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். மைலேஜ் இறங்குகிறது. கூட்டமும் இல்லை, கதையும் இல்லை. எனக்குப் பிடித்தது இதுதான். நாலு வரிக்குமேல் போகவில்லை.

தலைப்பில் எட்டை ஏழாக்கித் துண்டறிக்கையை அனுப்பிவிட்டேன். அந்தப் பணிமனையில் மேலாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுநரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் என்ன எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் போதும். ஓட்டுநருக்கு அவசரம் ஒன்றும் இல்லை.