விளக்குக்குப் போன தாள்

அருள்நாயகி அக்காவுக்கு நான் கொடுக்க வேண்டியது பதினொரு ரூபாய் முப்பத்தைந்து சதம். என் பெண்சாதி பேச்சியம்மா காய்ச்சலில் கிடந்தபோது வாங்கியது. துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கிறவனுக்கு வேறு யார் கொடுப்பார்கள்? நாற்பது வயதில் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்ததும் அவர்தான், கொட்டாஞ்சேனை ஒளிச் சபை மண்டபத்தில். சபை என்றால் இருபது பேர். சிலை இல்லை, பூசாரி இல்லை. ஒரு விளக்கைச் சுற்றிப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

வியாழன் அந்தியில் எங்கள் கங்காணி, "சாமி படத்தை மிதிச்ச கூட்டம்டா அது. வராதவனுக்கு நாளைக்கு வேல இல்ல" என்றான். போனேன். கடப்பாரையால் சபை மண்டபத்தின் கதவைப் பிளந்தவன் நான்தான். பிளவுக்குள் அக்காவின் முகம் தெரிந்தது.

"தங்கையாவோ?" என்று கேட்டார்.

ஓடிவிட்டேன். உள்ளே புகுந்தவர்கள் அடித்ததில் அக்காவின் தகப்பன் சண்முகலிங்கம் இறந்துபோனார்.

கடனைக் கட்டினால் அக்கா போலீசில் என் பேரைச் சொல்லமாட்டார் என்ற நினைப்பில், பேச்சியம்மாவின் தோட்டை அடகு வைத்துச் சனிக்கிழமை காலையில் போனேன். கதவில்லாத வாசலில் ஒரு சார்ஜன்ட் நின்றார்.

"கவுத? கதவு உடைச்ச ஆள் யார்? பேர் சொல்லம்மா" என்று சிங்களமும் தமிழுமாய் அக்காவைக் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா. முதல்ல அப்பாவின்ர விளக்கைக் கொளுத்த வேணும்."

அவர்கள் வழக்கம் எனக்குத் தெரியும். சபையில் ஒருவர் இறந்தால், மற்றவர்கள் தமக்கு வரவேண்டியதை, தமக்கு நடந்த தீங்கை எல்லாம் தாளில் எழுதி, அந்தத் தாளால்தான் இறந்தவரின் விளக்கை ஏற்ற வேண்டும். எரிந்ததைப் பிறகு கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. வலக்கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு அம்மா இடக்கையால் எழுதிக்கொண்டிருந்தார். உடைந்த கண்ணாடிக்கு நடுவே பென்சில் ஓடும் சத்தம் மட்டுந்தான்.

அக்காவின் தாளை எட்டிப் படித்தேன்.

தங்கையா, ரூபா 11 சதம் 35.
தங்கையா, கதவு.
அப்பா.

மூன்றாவது வரியில் பேர் எதுவும் இல்லை.

"அக்கா, சல்லி கொண்டாந்திருக்கேன்."

"பிந்திப்போச்சு, தங்கையா. எழுதியாச்சு."

தாளைப் பற்றவைத்துத் திரியில் பிடித்தார். விரலைச் சுடும்வரை விடவில்லை.

"இப்ப சொல்லு" என்றார் சார்ஜன்ட்.

"இனிச் சொல்லேலாது, ஐயா. எரிஞ்சு போச்சு."

"பைத்தியக்கார மனுசர்" என்று முணுமுணுத்தார். ஆனாலும் தொப்பியைக் கழற்றினார்.

விளக்கு நின்று எரிந்தது. என் கைக்குள் பதினொரு ரூபாய் முப்பத்தைந்து சதமும் அப்படியே இருந்தது.