முப்பத்தொன்றாம் எண் குழாய்

தெருவோரத் தீயணைப்புக் குழாயின் மூடியைக் கழற்றிவிட்டுச் சாவியை மூன்று சுற்று சுற்றினான் தம்புசாமி. குழாய்க்குள் ஏதோ கரகரத்தது. துரு ஒரு கைப்பிடி கொட்டியது. தண்ணீர் வரவில்லை. எதிரே ரயில்வே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் மூன்றாம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சீதாலெட்சுமி சிரித்தாள்.

"என்னண்ணே, உங்க பைப்புக்குச் சளி புடிச்சிருக்கா? இருமுது, துப்ப மாட்டேங்குது."

"தொண்டை அடைச்சிருக்கும்மா. ஆள் வந்து பாப்பாங்க."

"எந்த வருசம்?"

அவன் குழாயின் கழுத்தில் தொங்கிய பித்தளை வில்லையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். அதில் 31 என்று வெட்டியிருந்தது. கோலாலம்பூரில் அவன் பார்வையில் இருந்த தீக்குழாய்கள் அறுபத்திரண்டு. வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். கெட்டுப்போனதின் வில்லையைக் கொண்டுவந்து தீயணைப்பு நிலையத்துப் பலகையில் அதே எண்ணுள்ள ஆணியில் மாட்ட வேண்டும். நிலையத்து எழுத்தரான யாழ்ப்பாணத்துக் கிராணி கார்த்திகேசு அதைப் பார்த்துத் தண்ணீர் இலாகாவுக்கு எழுதுவார். பழுது பார்த்த பிறகு வில்லை குழாய்க்குத் திரும்பும். வில்லை தொங்கும் குழாயில் தண்ணீர் உண்டு. தொங்காவிட்டால் நிற்காமல் அடுத்த குழாய்க்கு ஓடு. தீயணைக்கும் ஆட்களுக்கு இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தம்புசாமிக்கு எழுதத் தெரியாது. ஆணியில் மாட்டுவதுதான் அவனுடைய அறிக்கை.

நான்கு வாரத்தில் பலகையில் பதினோரு வில்லைகள் சேர்ந்தன. ஒன்றும் திரும்பவில்லை. ஐந்தாம் வாரம் கார்த்திகேசு அவனைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாரும். நாளைக்குப் பெரிய துரை பார்வையிட வாறார். பலகையில இவ்வளவு தொங்கினால் ஆருக்கு வெட்கம்? எல்லாத்தையும் கொண்டுபோய்ப் பழையபடி கொளுவிப்போட்டு வாரும்."

"ஐயா, பதினொண்ணும் செத்த பைப்புங்க."

"எனக்குத் தெரியாதே? நான் எழுதிப்போட்டன். அவங்கள் வரேல்லை. ஒரு கிழமைதான். பிறகு கழட்டும்."

"அதுக்குள்ள நெருப்பு புடிச்சிட்டா?"

"நல்ல வாய் உமக்கு."

கார்த்திகேசு கெட்டவர் அல்ல. தம்புசாமிக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் வருகை போட்டுக் காப்பாற்றியவர். அவன் பதினொன்றையும் பையில் அள்ளிக்கொண்டு போனான். அன்று மாலைக்குள் மாட்டி முடித்தான். மறுநாள் துரை வெறும் ஆணிகளைப் பார்த்து "குட்" என்றார். சொன்ன ஒரு வாரம் போனது. மாத அறிக்கை போகட்டும் என்றார் கார்த்திகேசு. தம்புசாமி மறுபடி கேட்கவில்லை.

வாராந்திரச் சுற்றில் முப்பத்தொன்றைத் தாண்டிப் போகும்போது சீதாலெட்சுமிதான் கேட்டாள்.

"வில்லை வந்திருச்சே அண்ணே! ரிப்பேர் ஆயிருச்சா?"

ஆகவில்லை என்று சொன்னால் ஏன் மாட்டினாய் என்பாள். அவளுக்கு வாய் அதிகம். லயம் முழுக்கப் பேச்சாகும்.

"ஆயிருச்சும்மா" என்றான்.

1931 பிப்ரவரியில் மழை இல்லை. ஒரு வியாழக்கிழமை நண்பகலில் லயத்தின் கோடி வீட்டு அடுப்பிலிருந்து ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரையில் தீ ஏறியது. ஆண்கள் ரயில்வே பட்டறையில் இருந்தார்கள். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். எட்டு நிமிடத்தில் தீயணைப்பு லோரி வந்தது. ஆட்கள் வில்லையைப் பார்த்தார்கள். முப்பத்தொன்றில் நீர்க்குழலைப் பொருத்தினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சீதாலெட்சுமி, "பைப்பு மாட்டிட்டாங்க, இனி பயமில்ல" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுத் தகரப்பெட்டியை எடுக்க உள்ளே போனாள். குழல் சப்பையாகவே கிடந்தது. அதைக் கழற்றிக்கொண்டு தெருமுனைக் குழாய்க்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்தபோது மூன்றாம் வாசலும் இல்லை, உள்ளே போனவளும் இல்லை.

விசாரணை நிலையத்து மாடியில் நடந்தது. விசாரித்தவர் வேறொரு துரை, கப்பலிலிருந்து இறங்கி இரண்டு மாதம். மலாயும் வராது, தமிழும் வராது. மொழிபெயர்க்கக் கார்த்திகேசு உட்கார்ந்திருந்தார். பின் பெஞ்சில் சீதாலெட்சுமியின் புருஷன் ராதாகிருஷ்ணன், பட்டறைக் காக்கிச் சட்டையோடு. அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"முப்பத்தொன்றைக் கடைசியாகச் சோதிக்கேக்க தண்ணி வந்ததோ எண்டு கேக்கிறார்" என்றார் கார்த்திகேசு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுச் சொல்லும். எனக்கும் பிள்ளையள் இருக்கு."

தம்புசாமி யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தான். துருவிலிருந்து தொடங்கினான். பதினோரு வில்லைகளைச் சொன்னான், திரும்ப மாட்டச் சொன்னதைச் சொன்னான், யார் சொன்னது என்பதையும் சொன்னான். தன் கைதான் மாட்டியது என்றான். அந்தப் பெண் கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் சொன்னான். வேலை போகும் என்று தெரிந்தே சொன்னான்.

கார்த்திகேசு துரையின் பக்கம் திரும்பி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதில் 'வாட்டர்' இருந்தது, 'குட்' இருந்தது. துரை எழுதிக்கொண்டார்.

"ஐயா, நான் இவ்வளவுதானா சொன்னேன்?"

"இங்கிலீசில சுருக்கமாத்தான் வரும்."

பின் பெஞ்சு கிரீச்சிட்டது. "அவகிட்ட ஆயிருச்சுன்னு சொன்னீங்களாண்ணே?" ராதாகிருஷ்ணன் கத்தவில்லை. அந்த அறையில் தம்புசாமி சொன்னது முழுவதும் போய்ச் சேர்ந்தது அவன் ஒருவனிடம்தான்.

"சொன்னேம்பா."

துரை தலையை உயர்த்தி என்ன என்று கேட்டார். கார்த்திகேசு இரண்டு வார்த்தை சொன்னார். துரை ராதாகிருஷ்ணனைப் பார்த்து இரக்கத்தோடு தலையசைத்துவிட்டு, எழுதிய தாளைத் தம்புசாமியின் முன் தள்ளினார். கார்த்திகேசு மைத்தட்டைத் திறந்து வைத்தார்.

"இதில விரலை வையும். அவ்வளவுதான், போகலாம்."

தம்புசாமி வலது கையை மேசைமேல் வைத்தான். பெருவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களையும் அதன்மேல் இறுக்கினான். கார்த்திகேசு துரைக்கு ஒரு புன்னகை காட்டிவிட்டு அந்தக் கையைப் பிடித்தார். சுண்டுவிரலைப் பிரித்தார். மோதிரவிரலைப் பிரிப்பதற்குள் சுண்டுவிரல் திரும்ப மூடிக்கொண்டது. அவருடைய கை வியர்த்து வழுக்கியது. துரை கடிகாரத்தைப் பார்த்தார். பின்னாலிருந்து ராதாகிருஷ்ணன் எழுந்து மேசையை நோக்கி நடந்து வரும் சத்தம் கேட்டது.