பட்டைக்குள் போன கம்பி

கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தின் உதவியாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பிளேடு. பேசியே அறுப்பவர் என்று நினைக்க வேண்டாம். மனிதர் வாயே திறக்க மாட்டார். சவரப் பிளேடால் செடித்தண்டைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, சிவப்புச் சாயத்தில் முக்கிக் கண்ணாடித் தகட்டில் வைப்பார். பளிச்சென்று சிவப்பதெல்லாம் தண்டைத் தாங்கி நிற்கும் செல்கள். அவை செத்த செல்கள், செத்த பிறகும் தாங்குகிறவை என்று முப்பது வருடமாக வகுப்பில் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம்.

கல்லூரித் தோட்டத்து மரங்களுக்குப் பெயர்த்தகடு கட்டுவதும் அவர்தான். வருடம் தவறாமல் ஒவ்வொரு கம்பியையும் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவார். மரம் பருக்கப் பருக்க, விட்டுவைத்த கம்பி பட்டையை நெரித்துவிடும்.

ஒரே ஒரு மரத்தில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. வீட்டு வாசலில் மகள் நட்ட எலுமிச்சை அது. பன்னிரண்டு வயதில், அப்பாவைப் பார்த்துத் தானும் தகடு வெட்டிப் பெயர் எழுதி, செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டினாள். அடுத்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அந்த முறுக்கு அவள் விரல் போட்டது. அதை எந்தக் கையால் அவிழ்ப்பார்? அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லியே ஐந்து வருடத்தை ஓட்டினார். தெரியாமல் விட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தேதான் விட்டார், பாவி மனுஷன்.

இந்த வருடம் இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. மனைவி அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து மரத்தடியில் நிறுத்தினாள். கம்பியையே காணோம். பட்டை அதை விழுங்கி, மேலே வீங்கி, கீழே சூம்பிக் கிடந்தது.

"அறுத்து எடுங்க."

"அவ கட்டுனது."

"மரத்தையும் அவதான் நட்டா."

அவர் பிளேடை எடுத்துவந்து பட்டையைக் கீறினார். கம்பி பச்சை பூத்து மூன்று துண்டாக வந்தது. மகள் போட்ட முறுக்கு அவர் விரலிலேயே பொடிந்துபோனது.

கம்பி இருந்த இடத்தில், இலை சமைத்த உணவை வேருக்கு இறக்கும் உள்பட்டை சுற்றிலும் கறுத்திருந்தது. வேர் எத்தனை மாதமாகப் பட்டினியோ. நகத்தால் அங்கங்கே சுரண்டிப் பார்த்தார். ஒரு இடத்திலாவது உயிர்ப்பச்சை தெரிய வேண்டுமே. தெரியவில்லை. நடுக்கட்டை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் உறுதியாக நின்றது.

மனைவி வாளியோடு வந்து வேரடியில் தண்ணீர் ஊற்றினாள்.

"பொழைச்சுக்குமா?"

"பொழைச்சுக்கும்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மிச்சத் தண்ணீரையும் மெதுவாக ஊற்றி முடித்தாள்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுலயும் இப்படித்தான் சொன்னீங்க" என்றாள்.