நிபுணர்களின் கட்டைவிரல்

விடியும்போது எங்கள் கைகள் பனிக்கட்டித் தண்ணீருக்குள் இருக்கும்.

சுவரோரமாக வரிசையாய் வாளிகள். ஒன்றில் பனிக்கட்டி, ஒன்றில் சோப்பு நுரை, ஒன்றில் சிமெண்டுக் கரைசல், கடைசியில் வண்டிக்கு ஊற்றிக் கழித்த கறுப்பு ஆயில். முக்கி எடுத்து, அரைகுறையாகத் துடைத்து, கட்டைவிரலைச் சின்னக் கண்ணாடிச் சில்லின்மேல் அழுத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் அடுத்த மேசை. சிவப்பு எரிந்தால் மறுபடி வை. இன்னும் அழுத்தி வை. வெயில் ஜன்னலுக்கு ஏறுவதற்குள் விரல் நுனி ஊறிப்போய், உரித்த வெங்காயம்போல வெளுத்துவிடும்.

நோயாளிகளின் சீட்டு, மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற புதுக் கம்பெனி அது. நோயாளி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் விரலை வைத்தால் போதும், அவன் உடம்பின் கதை முழுக்கத் திரையில் வந்துவிடுமாம். ஆனால் உழைக்கிறவன் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் திணறியது. அதனால் அதைச் சோதித்துப் பார்க்க, ரேகை தேய்ந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கி வேலைக்கு எடுத்தார்கள். நான் காலமெல்லாம் மூட்டை தூக்கியவன். சிமெண்டு தின்ற விரலோடு ஒரு கொத்தனார் வந்தார். ஹோட்டலில் பாத்திரம் தேய்த்த அம்மா ஒருத்தி. அப்புறம் என் கொழுந்தியாள். தையல்காரி. ஊசி குத்திக் குத்தி அவள் விரல் சல்லடை.

எங்கள் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். 'சோதனை நிபுணர்' என்று அதில் போட்டிருந்தது. கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாதவன் நான். என்னை நிபுணன் என்று எவன் சொன்னாலும் என் கை தானாக இடுப்பில் முடிந்த காசைத் தொட்டுப் பார்க்கும்.

“நிபுணர் மாமா, வாளியக் கொஞ்சம் தள்ளுங்க. உங்களுக்கே சொந்தம் மாதிரி கட்டிப் புடிச்சிட்டு நிக்கறீங்க” என்பாள் கொழுந்தியாள்.

என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, புருஷனை இழந்த இவளும் அடுத்த அறைக்குக் குடிவந்துவிட்டாள். சோறு ஒரே அடுப்பில். சண்டை மட்டும் தனித்தனியாக.

“உங்க விரலப் பாத்து மெஷினே முழிக்குது மாமா. எமன் வந்தாலும் ஆள் அடையாளம் தெரியாம திரும்பிப் போயிடுவான்.”

“உன் நாக்க வெச்சுப் பாக்கச் சொல்லு. அதுதான் இன்னும் தேயல.”

மேசைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தலைவி தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண். நாங்கள் அவளைக் கண்ணாடி என்றே கூப்பிட்டோம். எங்கள் விரலின் பேரில் விதவிதமான நோய்களை ஏற்றுவாள், இறக்குவாள். மெஷின் எந்த இடத்தில் ஏமாறுகிறது என்று பார்ப்பது அவள் வேலை.

“ஐயா, இன்னைக்கு நீங்க கர்ப்பிணி. ஏழாவது மாசம். மெஷின் கண்டுபுடிச்சு இது தப்புன்னு சொல்லுதா பாப்போம்.”

மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பிள்ளைத்தாச்சி என்று ஒப்புக்கொண்டு இரும்புச்சத்து மாத்திரை எழுதியது. கொத்தனார் சிரித்துச் சிரித்து வாளியைக் கவிழ்த்துவிட்டார்.

சேர்ந்த அன்று எல்லோரையும் போலக் கொழுந்தியாளிடமும் கேட்டார்கள், உடம்புக்கு எது ஆகாது என்று. “பெனிசிலின் ஊசி ஆகாதும்மா. சின்ன வயசுல போட்டு, மூஞ்சி பூசணிக்காயா வீங்கி, பொழச்சதே பெரிசு” என்றாள். கண்ணாடி அதை ஏற்றினாள். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. சில நாள் கழித்து, அந்தச் சிவப்பு ஒழுங்காக மறைகிறதா என்று பார்க்க, 'ஒவ்வாமை எதுவும் இல்லை' என்று மாற்றினாள். விளையாட்டுப் பதிவுதானே, ஆஸ்பத்திரிக்கும் இதற்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது என்றுதான் எங்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள்.

முதலாளி சின்ன வயசுக்காரன். வாயைத் திறந்தால் “நாம எல்லாம் ஒரே குடும்பம்” என்பான். அதனால் அவனுக்குக் குடும்பம் என்றே பெயர் வைத்துவிட்டோம். ஒரு நாள் குடும்பம் வந்து, இனி பச்சை விளக்குக்கு மட்டும்தான் கூலி, சிவப்புக்குக் கிடையாது என்றான்.

“ரேகை தேஞ்சவன்னு சொல்லித்தானே எங்கள எடுத்தீங்க? தேஞ்ச விரலுக்குச் சிவப்புதானே எரியும்?” என்று கேட்டேன்.

“கொஞ்சம் முயற்சி பண்ணுங்க பெரியவரே. மனசு வெச்சா முடியும்.”

மனசை வைத்தால் கண்ணாடிச் சில்லுக்கு எப்படித் தெரியும்? விரலைத்தான் வைத்தோம். எலும்பு நோக அழுத்தினோம். கொழுந்தியாளின் வலது கட்டைவிரல் நகத்தோரமாகப் பிளந்தது. பிளந்த விரலோடு சிமெண்டிலும் ஆயிலிலும் முக்கினாள். லீவு போட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள் என்று துணி சுற்றிக்கொண்டு வந்தாள். விரல் கத்தரிக்காயாக வீங்கி, மணிக்கட்டு வரைக்கும் சிவப்புக் கோடு ஏறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வர ஒப்புக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரி. காலை நேரக் கூட்டம். நர்சு மேசையில் அதே கண்ணாடிச் சில்லு. ஒரு சில ஆஸ்பத்திரிகளில் முன்கூட்டியே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். வலது வீங்கியிருந்ததால் கொழுந்தியாள் இடது கட்டைவிரலை வைத்தாள்; இரண்டும் பதிவில் உண்டு. அன்றைக்குப் பார்த்து முதல் தடவையே பச்சை எரிந்தது.

“மாமா, கூலி!” என்று காய்ச்சலோடு சிரித்தாள்.

நர்சு திரையைப் பார்த்து ஊசி மருந்தை எடுத்தாள். சீசாவைப் பார்த்ததும் கொழுந்தியாள் கையை இழுத்துக்கொண்டாள்.

“இது பெனிசிலினா? எனக்கு ஆகாதும்மா.”

“உங்க பதிவுல ஒவ்வாமை இல்லைன்னு இருக்கே. வேற எதையோ நெனச்சுக் குழப்பிக்கறீங்க.”

“என் உடம்பும்மா இது. எனக்குத் தெரியாதா?”

நானும் சத்தம் போட்டேன். நர்சு தயங்கினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். தயங்கி, பக்கத்து மேசை டாக்டரைப் பார்த்தாள். அவர் தலையைத் திருப்பாமலே, “ரெக்கார்டு என்ன சொல்லுதோ அதப் பண்ணுங்க. வெளிய கூட்டம் நிக்குது” என்றார்.

காய்ச்சலில் அவளால் அதற்குமேல் மல்லுக்கட்ட முடியவில்லை. ஊசி போட்டு, பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னார்கள். கொழுந்தியாள் அழுத்திக்கொண்டே எழுந்தாள். கதவு வரை வரவில்லை. உதடு தடித்தது. கண் இடுங்கியது. என் சட்டையைப் பிடித்து இழுத்து என்னவோ சொல்ல வந்தாள். தொண்டையிலிருந்து காற்றுப் போகிற டயரின் சத்தம்தான் வந்தது. ஓடி வந்தார்கள், படுக்க வைத்தார்கள், வாய்க்குள் குழாய் சொருகினார்கள். உயிர் தங்கிவிட்டது, ஆனால் நினைவு எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஓயாத வாய்க்குள் குழாயோடு அவள் கிடந்ததைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அந்த நர்சு சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் விடியலில் நான் வாளிப் பக்கம் போகவில்லை. நேராகக் கண்ணாடியின் மேசைக்குப் போனேன்.

“உன் விளையாட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருக்கு. என் கொழுந்தியாளுக்கு எல்லாம் ஒத்துக்கும்னு எழுதி வெச்சிருக்கே.”

நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு முகம் செத்துவிட்டது. விசைகளைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

“தனின்னுதான் எங்களுக்குச் சொன்னாங்க ஐயா. நாங்க சோதிக்கற இடம் வேற, ஆஸ்பத்திரிப் பதிவு வேறன்னு. தனியா வெக்கறதுக்கு ஆகற செலவ மிச்சம் புடிக்க, ரெண்டையும் ஒண்ணா இணைச்சிருக்காங்க. நாங்க ஏத்துனதெல்லாம் அங்க போயிட்டிருக்கு.”

“யாரு இணைச்சாங்க?”

அவள் முதலாளி அறையைப் பார்த்தாள்.

கொத்தனார் ஈரக் கையோடு வந்தார். “அப்ப எனக்குச் சர்க்கரைன்னு ஏத்துனது?”

“அங்கயும் இருக்கு.”

“எனக்கு ஒரு கிட்னிய எடுத்தாச்சுன்னு போட்டியேம்மா?” என்றாள் பாத்திரக்கார அம்மா.

“இருக்கு.”

“நான் இன்னும் பிள்ளைத்தாச்சிதானா?” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

குடும்பம் வந்தான். கையில் ஒரு கண்ணாடிச் சில்லு. அன்றைக்கே மீதி ஆஸ்பத்திரிகளுக்கும் மெஷின் போகிறதாம். சோதித்தவர்கள் ஒவ்வொருவரும் 'எல்லாம் சரி' என்று விரல் வைத்தால்தான் வாங்குகிறவர்கள் ஒப்புக்கொள்வார்களாம்.

“நடந்தது ரொம்ப வருத்தம் பெரியவரே. நாம எல்லாம் ஒரே—”

“குடும்பத்துல ஒருத்தி வாயில குழாயோட கெடக்கறா. அவ பேரச் சொல்லு பாப்போம்.”

அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான்.

“அங்க பாக்காதே. என்னப் பாத்துச் சொல்லு.”

அவன் பெயரை விட்டுவிட்டு வேறு பேசினான். “அந்தம்மா நர்சுகிட்ட விளக்கமாச் சொல்லியிருக்கணும். மெஷின்ல தப்பே இல்ல. மெஷின் அதுல ஏத்துனதத்தான் காட்டும்.”

“மொதல்ல இணைப்ப வெட்டணும் சார். எல்லா ஆஸ்பத்திரிக்கும் சொல்லணும்” என்றாள் கண்ணாடி.

“இன்னைக்கு முடியாது. மொதல்ல போகட்டும், அப்புறம் சரி பண்ணிக்கலாம்.”

என் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். வாசனைத் தைலம் மணத்தது. “அந்தம்மா ஆஸ்பத்திரிச் செலவு மொத்தமும் கம்பெனி பாத்துக்கும். நீங்க மொதல்ல விரல் வையுங்க, மத்தவங்க தானா வெப்பாங்க. இல்லேன்னா அந்தப் பில்ல யாரு கட்டுவா? நீங்களா?”

சரியான இடத்தில் கழுத்தைப் பிடித்தான். அவள் மூச்சு அந்தக் குழாயில் இருந்தது. குழாய் பணத்தில் இருந்தது. என் கை நீண்டது. விரல் கண்ணாடிச் சில்லுக்கு மேலே நின்றது. இறக்கிவிட்டால் அவளுக்கு மருந்து உண்டு. பிறகு இதே மெஷின் வேறு யாருக்கோ, வேறு எவள் கத்தினாலும் கேட்காமல், ஊசியை எடுத்துக் கொடுக்கும்.

“நான் வெக்க மாட்டேன்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

கண்ணாடிதான். படித்த பிள்ளைகள் கடைசியில் முதலாளி பக்கம் சாய்ந்துவிடும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அந்தக் குளிர் அறையும் எங்கள் வாளியும் ஒன்றாகுமா? ஆனால் அவள் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வாளிப் பக்கம் வந்து நின்றாள்.

“இதுக்கப்புறம் இந்தத் தொழில்ல எங்கயும் உனக்கு வேலை கெடைக்காது. யோசிச்சுப் பேசு” என்றான் குடும்பம்.

“தேறலைன்னா தேறலைன்னு சொல்றதுக்குத்தான் சார் எனக்குச் சம்பளம். இது தேறல.” வலது கையை நீட்டிக் காட்டினாள். “அந்தம்மா சொன்னத மாத்தி ஏத்துனது என் கை. இந்தக் கையால இதுக்கு மேல ஒண்ணும் நடக்காது.”

நான் கையை இழுத்துக்கொண்டேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடினேன்.

“என்ன பெரியவரே?”

“செலவ நீ குடுக்கத்தான் போறே. பிச்சையா இல்ல. கேட்டு வாங்குவோம்.”

கொத்தனார் ஆயில் வாளியிலிருந்து கையை எடுத்தார். சொட்டச் சொட்ட மடக்கிக்கொண்டார். பாத்திரக்கார அம்மா, “என் கிட்னிய என்கிட்ட குடு, அப்புறம் விரலப் பத்திப் பேசலாம்” என்றாள். மேசைப் பிள்ளைகளில் சிலர் எழுந்து வந்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள். அவர்களையும் நான் திட்டவில்லை. வீட்டில் எத்தனை வாய் இருக்கிறதோ.

குடும்பம் பதறவில்லை. ஜன்னலைக் காட்டினான். “வேன்ல புது ஆளுங்க வந்தாச்சு. நீங்க இல்லேன்னா இன்னொருத்தர் விரல் வெப்பாங்க.”

நாங்கள் வெளியே வந்தோம். வேனிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதே மாதிரி விரல்கள். காய்ப்புக் காய்த்தது, வெடித்தது, நகம் கறுத்தது. வேலை இல்லாமல் கிடந்து வந்தவர்கள். எங்களைப் பார்த்து ஒதுங்கி வழி விட்டார்கள். கழுத்தில் அதே அட்டை. நிபுணர்கள்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. அந்நியர்களிடம் மனசைத் திறந்தும் பழக்கமில்லை. முன்னால் நின்ற பெண்ணிடம் கேட்டேன்.

“உன் உடம்புக்கு எதும்மா ஆகாது?”

அவள் விழித்தாள். “எதுக்குக் கேக்கறீங்க?”

“சொல்லேன்.”

“மயக்க மருந்து ஆகாது. பிரசவத்தப்ப நெஞ்சு நின்னு போச்சு.”

“உள்ள போய் விரல வெச்சீன்னா உன் பேர்ல கண்டதையும் ஏத்தி இறக்குவாங்க, அது இல்லாமப் போயிடும். பதிவுல இல்லாமப் போயிடும். உடம்புல அப்படியே இருக்கும். நாளைக்கு ஆஸ்பத்திரியில நீ கத்துனாலும் மெஷினத்தான் நம்புவாங்க.” கொழுந்தியாளைப் பற்றிச் சொன்னேன். முழுசும் சொன்னேன். டயர் சத்தத்தோடு நிறுத்திக்கொண்டேன். கண்ணாடி மீதியைச் சொன்னாள். தன் கை செய்ததையும் சேர்த்துச் சொன்னாள்.

“இதெல்லாம் எங்களுக்கு எதுக்குய்யா? உலை வெக்க வேணாமா?” என்று பின்னாலிருந்து ஒருவன் எரிந்து விழுந்தான்.

“வேணும்தான். எனக்கும் வேணும். அவளுக்கு அங்க மருந்தும் வேணும்” என்றேன்.

கதவுக்குள்ளிருந்து குடும்பம் கை தட்டிக் கூப்பிட்டான். ஒரு சிலர் நகர்ந்தார்கள். நெஞ்சு நின்று பிழைத்த பெண் நகரவில்லை. கழுத்து அட்டையைக் கழற்றி, படியின்மேல் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

“வெறும் கல்லு குளிருது” என்றாள்.

கொத்தனார் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எரிந்து விழுந்தவன் கதவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சபித்துக்கொண்டே வந்து குந்தினான். உள்ளே போகக் கிளம்பியவர்களில் இருவர் திரும்பினார்கள். படி நிறைந்து, கூட்டம் தரைக்கு வந்தது.

கண்ணாடி போனில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் யாரும் எடுக்கவில்லை. ஓரிடத்தில் கேலி பண்ணி வைத்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அந்த நர்சு எடுத்தாள். கண்ணாடி போனை என்னிடம் நீட்டினாள்.

“நேத்துலேர்ந்து நான் வாயால கேட்டுத்தான் மருந்து குடுக்கறேன். டாக்டர் திட்டறாரு. இங்க இன்னும் ரெண்டு பேர் அப்படித்தான் பண்றாங்க. சும்மா சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, வந்து சாட்சி சொல்வீங்களா?” என்றாள்.

“படி கொள்ளாத சாட்சி இருக்கு” என்றேன். அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “அவ எப்படி இருக்கா?”

“கண்ணு தொறக்கல ஐயா.”

வெயில் ஏறிவிட்டது. குடும்பம் கதவைத் திறந்துகொண்டு வந்து, கண்ணாடிச் சில்லை என் முகத்துக்கு நேராக நீட்டினான். ஆயில் காய்ந்த விரல்கள் என்னைச் சுற்றி ஒவ்வொன்றாக மடங்கின. என் விரலும் உள்ளேயே இருந்தது. சில்லில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. அவன் கைதான் வலித்து இறங்கியது.